நனையாத பஞ்சு

யுத்தத்தின் மூன்றாம் வருஷம், மாசி மாதம். வெள்ளிக்கிழமை என்றே நெடுங்காலம் சொல்லிவந்தேன். டயரியைப் புரட்டினால் வியாழன் என்றிருக்கிறது. அன்று காலை பரமத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து செல்லப்பன் என்ற குடியானவரை வண்டியில் கொண்டுவந்தார்கள். கரும்பாலை உருளையில் சிக்கி வலது உள்ளங்கை கிழிந்திருந்தது. டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டரான நான் மட்டும்.

காயத்தைக் கழுவி டிங்ச்சர் போட்டேன். கட்டப் பஞ்சு இல்லை. வரவேண்டிய சுருள்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டன. அவர் மனைவி ராசாயி ஒரு துணியை நீட்டினார்.

"இவிய பழைய வேட்டிங்க. நல்லா வெளுத்ததுதானுங்க."

"ஆஸ்பத்திரியில கந்தலைக் கட்டச் சொல்றீங்களாம்மா? பருத்தி வெளையற ஊர்ல பஞ்சா இல்ல?"

அவர் போய்ப் புதுப் பருத்தி வாங்கிவந்து, கொட்டைகளை விரலால் பிரித்தெடுத்தார். நான் அதை நீராவியில் வேகவைத்து, உலர்த்தி, கனமாக வைத்துக் கட்டினேன்.

வெள்ளியும் சனியும் கட்டைத் தொட்டுப் பார்த்தேன். மேலே ஈரமே இல்லை. 'கசிவு இல்லை' என்று பதிவேட்டில் எழுதினேன். காய்ந்த கட்டை எதற்குக் கலைப்பது என்று பிரிக்கவும் இல்லை.

"உள்ளுக்குள்ள விண்ணு விண்ணுனு தெறிக்குதுங்க சாமி" என்றார் செல்லப்பன்.

"கட்டு காஞ்சு கெடக்குது, அப்புறம் என்ன? ஆலை மாட்டை மறந்துட்டுத் தூங்குங்க."

"மாடு இவியள மறந்தாலும் இவிய மாட்டை மறக்கமாட்டாங்க" என்றார் ராசாயி. மூவரும் சிரித்தோம்.

ஞாயிறன்று டாக்டர் திரும்பியபோது செல்லப்பனுக்குக் கடும் காய்ச்சல். டாக்டர் கட்டைக் கத்தரித்துப் பிரித்தார். பஞ்சு ஒரு சொட்டும் உறிஞ்சவில்லை. அதன் அடியில் சீழ் குளமாகத் தேங்கி, மணிக்கட்டு வரை கறுத்திருந்தது. மிச்சமிருந்த பஞ்சை டாக்டர் தண்ணீரில் எறிந்தார். மிதந்தது.

"பச்சைப் பருத்தியில எண்ணெய்ப்பசை இருக்குய்யா. சலவைச் சோடாவுல வேகவெச்சு அதை எடுத்தாத்தான் தண்ணி குடிக்கும். கோடித் துணி தண்ணி இழுக்குமா?"

"பத்துத் தடவை தொவைக்கோணுமுங்க" என்றார் ராசாயி, மெதுவாக. என்னைக் குற்றம் சொல்லவில்லை. டாக்டர் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

சேலத்தில் அந்தக் கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு எந்தப் பஞ்சையும் தண்ணீரில் போட்டு, அமிழ்கிறதா என்று பார்க்காமல் நான் கட்டியதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நோயாளி வலிக்கிறது என்றால் கட்டைப் பிரித்துப் பாருங்கள். மேல்புறத்தைத் தொட்டுவிட்டு எழுதாதீர்கள்.

பங்குனியில் செல்லப்பன் மொட்டைக் கைக்குக் கட்டுப் போட வந்தார். கட்டி முடித்ததும் கேட்டார்.

"உள்ள எப்பிடியிருக்குதுங்க, கம்பவுண்டரய்யா?"

நன்றாக இருக்கிறது என்று நான் சொல்வதைவிட அவரே பார்க்கட்டும் என்று, அப்போதுதான் போட்ட முடிச்சை அவிழ்த்தேன்.