பச்சை விளக்கும் என் சமையலறைச் சுவரும்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. அதன் உச்சியில் புது வீடுகள் கட்ட ஒரு கம்பெனி தோண்டியது. என் சமையலறைச் சுவர் விரிசல் விட்டது, பின்கதவு மூட மறுத்தது. மழைக்கு முன்னால் மேட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டித் தாருங்கள் என்று கேட்டோம். சுவர் வரவில்லை. வார்த்தைகள் வந்தன.

கம்பெனியின் இன்ஜினியர் நம் தமிழ்ப் பையன்தான். லேப்டாப்பைத் திறந்தான்.

"சாட்டிலைட் ஒவ்வொரு தடவை மேலே போறப்பவும் தரையை அளக்குது அங்கிள். சில மில்லிமீட்டர் நகர்ந்தாக்கூடத் தெரிஞ்சிடும்."

"அப்போ என் கதவு ஏன் மூடலைன்னு அதுக்கிட்டயே கேளு."

"உங்க மேட்டுல மரம் செடி ஜாஸ்தி. கோஹரன்ஸ் கம்மி. அங்க சாட்டிலைட்டுக்குச் சரியாத் தெரியாது. அதான் சென்சார் வைக்கிறோம்."

கண் தெரியவில்லை என்பதை இப்படியும் சொல்லலாம் போல. எனக்கும் கோஹரன்ஸ் கம்மிதான். கிளினிக்கில் வெறும் கண்ணாடி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மேட்டில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதன்மேல் சின்னப் பெட்டி வைத்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சோலார் தகடு. குழாய் சாய்ந்தால் பெட்டி கம்பியில்லாமல் ஷா ஆலமில் உள்ள கம்பெனி ஆபீசுக்குச் சேதி அனுப்பும். சாய்வு எல்லை தாண்டினால் அங்கே திரையில் பச்சை விளக்கு சிவப்பாகும். அந்த எல்லைக்குப் பெயர் த்ரெஷோல்ட். அதைத் தாண்டினால்தான் சுவர். அதுவரை வீடு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டு லோரி, மோட்டார்சைக்கிள், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு மேட்டில் ஏறினார்.

"நம்ம உயிரைக் காக்குற மெஷின்லா. அதை விட்டுட முடியுமா?"

தகடு முழுக்கச் சந்தனம். நடுவில் குங்குமம். தெருவே கும்பிட்டது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விரிசலுக்குள் என் விரல் நுழைந்தது. போன் செய்தேன். "பச்சைதான் அங்கிள், அசைவே இல்லை" என்றான். ஷா ஆலமுக்கே போய் அவன் மேசை முன்னால் நின்றேன்.

"கடைசியா எப்போ சேதி வந்துச்சுன்னு பாரு."

பார்த்தான். முகம் மாறியது. பூஜைக்குப் பிறகு பேட்டரி செத்துவிட்டிருந்தது. சேதியே வரவில்லை. திரையோ பழைய பச்சையையே காட்டிக்கொண்டிருந்தது. மூச்சு நின்றவனை 'அமைதியாக இருக்கிறார்' என்று சொல்வதற்கு இவர்களுக்கு ஒரு கம்பெனி, ஒரு சாட்டிலைட்!

உடனே வந்து, மழைக்கும் கரையாமல் இறுகியிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் தகட்டிலிருந்து தேய்த்து எடுத்தான். அன்று வெயில் இருந்தது. மதியத்துக்குள் பெட்டி விழித்தது, அவன் போன் அலறியது. சிவப்பு.

"எல்லாரும் வெளியே வந்துடுங்க அங்கிள்!"

பிரிக்பீல்ட்ஸில் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். அந்த வாரமே என் சமையலறை சரிந்து மண்ணுக்குள் போனது.

கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டு, குடியிருப்பாளர்களின் பூஜையால் கண்காணிப்பு தடைபட்டது என்றார்கள். அக்கா அழுதார். நான் எழுந்தேன். "அவங்க வச்சது பொட்டு. சேதி வராட்டியும் பச்சை காட்டுன்னு வச்சது யாரு?"

இப்போது தடுப்புச் சுவர் எழும்புகிறது, காப்பாற்ற என் சமையலறை இல்லாமல். போன வாரம் பார்க்கப் போனபோது அக்கா அந்தப் பையனிடம் பயந்து பயந்து கேட்டார்.

"தம்பி, சுவத்துக்காவது பொட்டு வைக்கலாமா?"

"தாராளமா வைங்க ஆன்டி. இதுக்குப் பேட்டரி இல்லை."