கேப்ஸ்யூலை நிறுத்தியது யார்

பிள்ளைகளே, தாணே மனநல ஆஸ்பத்திரிக்குச் சித்தப்பாவைப் பார்க்க வரமாட்டோம், பயமாக இருக்கிறது என்றீர்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மனநோய் முற்றியிருந்தபோது அவன் மாஹிமில் ஒரு கடைக்காரரைக் கல்லால் அடித்தது உங்களுக்குத் தெரியும். கோர்ட் அவனைக் கண்காணிப்பில் நம் தாராவி வீட்டிலேயே இருக்க விட்டது. தினமும் மருந்து கொடுப்பேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். மாதம் ஒருமுறை கோர்ட்டிலிருந்து ஓர் ஆபீசர் வருவார். தூங்குகிறானா, கோபப்படுகிறானா, மருந்து சாப்பிடுகிறானா என்று கேட்பார். மறுபடி யாரையும் அடிப்பானா என்று கணித்துப் படிவத்தில் எழுதுவார். ஒவ்வொரு மாதமும் 'ஆபத்து குறைவு' என்றே எழுதினார்.

அம்மன் கொடைத் திருவிழாவுக்கு நாங்கள் இருவரும் காப்புக் கட்டினோம். அவன் சாப்பிடும் கேப்ஸ்யூலின் மேல்தோலை மாட்டெலும்பில் செய்கிறார்கள் என்று நான் வேலை செய்யும் பட்டறையில் யாரோ சொன்னார்கள். விரதத்தில் கவுச்சி தொடலாமா?

"எட்டு நாளுதானல, நிப்பாட்டு" என்றேன்.

"ஏண்ணே, நிப்பாட்டச் சொல்லி அம்மன் சீட்டு எழுதிக் குடுத்தாளா?" என்று சிரித்தான்.

"சாமி காரியத்துல கேலி பேசாத."

அன்றோடு அவனுக்குக் கேப்ஸ்யூல் கொடுப்பதை நிறுத்தினேன்.

ஆறாம் நாள் ஆபீசர் வந்தார். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். இரண்டு நாளாகத் தூங்காமல், அவன் சுவரைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஆபீசர் மருந்து அட்டையை வாங்கி, மிச்சமிருந்த கேப்ஸ்யூல்களை எண்ணினார்.

"யார் நிறுத்தினது?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு என் கையெழுத்துதான் ஞாபகம் வந்தது. என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தேன்.

"அவன்தான் சாப்பிட மாட்டேங்கிறான், சாப்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு அவரிடம், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், சாப்" என்றான்.

'மருந்தை மறுக்கிறான், ஆபத்து அதிகம்' என்று எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினார். நான் தலையாட்டினேன். மறுவாரம் அவனைத் தாணேக்குக் கொண்டுபோனார்கள்.

உங்களிடமும் அதையே சொன்னேன். அந்த வரியை நம்பித்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள். அது என் பொய். ஆபீசரிடம் உண்மையைச் சொல்ல இரண்டு தடவை ஆபீஸ் வாசல்வரை போனேன். எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை மறுபடி போகிறேன். நீங்களும் கூட வாருங்கள். உங்கள் கண்ணெதிரே திரும்பி நடக்க என்னால் முடியாது.