பூசணிக்காயில் சறுக்கிய குட்டி மோட்டார் சைக்கிள்

“ஏட்டி, ஒம்பாட்டுக்கு ஸ்கூட்டரத் தொடச்சிட்டுப் போக வேண்டியதுதான? எம் முழங்கால் தழும்பு ஒனக்கு எதுக்கு?” என்று பேத்தியை விரட்டினேன். அவள் நகரவில்லை. அதைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். விழுந்ததற்காக இல்லை, விழுந்த பிறகு பேசிய பேச்சுக்காக.

உலகச் சண்டை முடிந்த சமயம் அது. என் வீட்டுக்காரர் இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டர். பட்டாளத்தில் கழித்துவிட்ட குட்டி மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். விமானத்திலிருந்து குடை கட்டி இறக்குவதற்கென்றே செய்த வண்டியாம். இரண்டு பேர் தூக்கினால் வாசற்படி ஏறிவிடும். சைக்கிளுக்கும் கழுதைக்கும் பிறந்த குட்டி மாதிரி இருந்தது. எனக்கு அது போதும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் அம்மாவைப் பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தனியாகப் பஸ் ஏற விடமாட்டார்கள். கூட்டிப்போகவும் ஆள் இல்லை. “வண்டி ஒழுங்கா ஓடுச்சுன்னா வார லீவுக்கெல்லாம் கூட்டிட்டுப் போறேன்” என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

முதல் பயணத்தன்று அத்தை, அதாவது என் மாமியார், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். அதோடு விட்டாரா? குங்குமத் தண்ணீர் ஊற்றிய பூசணிக்காயைச் சுற்றி, வண்டிக்கு எதிரிலேயே போட்டு உடைத்தார். கேரியரில் கட்டிய தலையணையில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தேன். நடுத்தெருவில் புருஷனைத் தொட்டால் மானம் போய்விடும் என்று தலையணைக் கயிற்றைத்தான் பிடித்திருந்தேன். வண்டி நாலு முழம் போனது. பூசணிச் சதையில் சக்கரம் வழுக்க, கயிறு என் கையோடு வந்துவிட்டது. தெருவில் கிடந்தேன். சேலையெல்லாம் குங்குமத் தண்ணீர். ரத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரி அலறினாள். இந்த மனுஷன் முதலில் வண்டியைத் தூக்கினார். “நல்லவேள, லைட்டு ஒடையல” என்றார். லைட்டு! கட்டிய பெண்டாட்டி கீழே கிடக்கிறாள், இவருக்கு லைட்டு!

அத்தை அதற்கும் மேலே போனார். “பொம்பள ஏறுனா இந்த நோஞ்சான் வண்டி நிக்குமா? ராசி கெட்டவ. ஏலே, நாளைக்கே இத வித்துரு!”

அவ்வளவுதான், அம்மா வீடு கைவிட்டுப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முழங்கால் எரிச்சல் மறந்துபோனது. பின்சக்கரத்தில் ஒட்டியிருந்த பூசணித் தோலைப் பிய்த்து எடுத்து நீட்டினேன்.

“அத்தை, இது எம் ராசியா, நீங்க ஒடைச்ச காயா?”

“திருஷ்டி கழிச்சது ஒரு தப்பாட்டி?”

“கழிச்சது தப்பில்ல. வண்டி போற வழியிலயா கழிப்பாக?”

தெரு சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மறுபடி ஏறி உட்கார்ந்து, அவர் இடுப்பை வளைத்துப் பிடித்தேன்.

“ஏட்டி, தெருவே பாக்குது!” என்று அவர் நெளிந்தார்.

“பாக்கட்டும். விழுந்தப்பவும் பாத்துக்கிட்டுத்தான நின்னாக. வண்டிய எடுங்க.”

வண்டி கிளம்பியது. தையல் மெஷினை யாரோ ஆவேசமாக மிதிக்கிற மாதிரி சத்தம். காதுக்குள் காற்று, வாய்க்குள் புழுதி. முன்னால் போன மாட்டுவண்டிகளெல்லாம் நின்றுவிட்ட மாதிரி பின்னால் போயின. பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இப்படியே மதுரை வரைக்கும் போகச் சொன்னாலும் போயிருப்பேன். வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு பாலத்து மேட்டில் அந்தச் சந்தோஷமும் கெட்டது. “செத்த எறங்கி நட, வண்டி மேடேறட்டும்” என்றார். ராசி கெட்டவளும் நான், வண்டிக்குப் பாரமும் நானா? நொண்டிக்கொண்டே ஏறினேன், திட்டிக்கொண்டே. அம்மா வாசலில் நின்றபோதுதான் வாய் மூடியது.

இப்போது பேத்தி வண்டி ஓட்டுகிறாள். அவள் புருஷன் பின்னால் உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான். ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் அதற்கு ஒரு முழங்கால் செலவு.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். தழும்பாகப் போகிற இந்தக் காயத்தில் அம்மா வைத்த மஞ்சள் பற்று இன்னும் காயவில்லை. “புருஷன அப்பிடியா கட்டிப் பிடிப்ப, வெக்கங்கெட்டவளே?” என்றாள் ஒருத்தி. உள்ளே அத்தைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்:

“வாரா வாரம் அத்தைய ஒரு பூசணிக்கா ஒடைக்கச் சொல்லியிருக்கேன். இல்லன்னா நான் எம் வீட்டுக்காரர வேற எப்பிடிப் பிடிக்கதாம்?”