ஒன்பது இரண்டு, பதினொன்று இல்லை

வலக்கை சுரண்டியைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளியது. இடக்கை பின்னாலேயே மரத்தைத் தடவிக்கொண்டு வந்து, எங்கே வர்ணம் மிச்சமிருக்கிறது என்று தேடியது. மேலே பச்சை. அது சுருள் சுருளாக விழுந்ததும் நீலம். நீலத்துக்கு அடியில் செங்காவி. காவியும் போன பிறகு தேக்கு. ஜன்னல் கதவின் கீழ்க்கட்டைக்கு வந்தபோது இடக்கை நின்றது. மரத்தில் ஏதோ வெட்டியிருந்தது. ஆணி முனையால் காவியை நோண்டி எடுக்க எடுக்க உளிக்கோடுகள் வெளியே வந்தன. ஒரு V, அதன் பக்கத்தில் மூன்று நேர்கோடு.

“எட்டாங்கிளாஸ்” என்றாள் தனக்கொடி, யாரிடமும் இல்லாமல்.

அரியாங்குப்பத்தில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில், வகுப்பு வாசல்களுக்கு மேலே அப்படித்தான் எழுதியிருக்கும். VIII அவள் கடைசியாக உட்கார்ந்த வகுப்பு. அதற்குப் பிறகு வீட்டு வேலை, கல்யாணம், பஞ்சு மில்லில் பதினொரு வருஷம் அறுந்த நூலை முடிந்த வேலை, மில் மூடியது, இப்போது இந்தச் சுரண்டி. ரோமன் எண்ணில் அவளுக்கு எட்டு வரைக்கும் பழக்கம். ஒன்பதாவது வகுப்புக்குள் கால் வைத்ததில்லை.

அந்தக் குறியை மறுபடி தடவிப் பார்த்தாள். கதவுக்கு ஒரு நம்பர்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

லூர்துசெல்வி மதாம் தனியாக இருக்கும் அந்தப் பழைய மாடிவீட்டுக்கு ஜன்னல் பதினாறு. ஒவ்வொன்றுக்கும் சாய்ந்த பட்டைகள் அடுக்கிய கதவு ஒரு ஜோடி. தனிஸ்லாஸ் மேஸ்திரி எல்லாவற்றையும் கழற்றி, எது எந்த ஜன்னலுடையது என்று சாக்பீஸால் எண் போட்டு, வர்ணம் உரிக்கத் தனக்கொடியிடம் அனுப்பினார். அவள் முதல் வேலையாக எல்லாக் கதவுக்கும் வர்ணம் இளக மருந்து தடவி, ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து வைத்தாள். சாக்பீஸும் துணியோடு போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி வந்து முற்றத்தில் நின்று பார்த்தார். சுவரோரம் முப்பத்திரண்டு கதவுகள், ஒன்றைப்போல ஒன்று.

“இன்னாம்மா இது? குழந்தயக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டி வச்சிருக்க! நம்பர் எங்க?”

“நம்பரு… மருந்து போட்டுத் தொடச்சேன் மேஸ்திரி.”

“தொடச்சியா? நல்லாத் தொடச்ச. உன் கை சுத்தத்துக்கு மால போடணும்.”

ஒன்றைப்போல இருந்தாலும் அவை ஒன்றல்ல. அந்தக் காலத்துச் சுவர். ஒரு ஜன்னல் வாய் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கும், இன்னொன்று கீழே அகன்றிருக்கும். அதனதன் கோணலுக்கு ஏற்றபடி அதனதன் கதவை இழைத்திருந்தார்கள். டேப் வைத்து அளந்தால் எல்லாம் ஒரே அளவு காட்டியது. மாட்டினால் மூலையில் பிடித்தது. ஜன்னல் சட்டங்களில் ஏதாவது அடையாளம் இருந்திருந்தாலும், பெயின்ட்காரர்கள் மெஷின் போட்டுத் தேய்த்துப் புது வர்ணம் அடித்துவிட்டார்கள்.

ஐப்பசி பிறந்திருந்தது. மதாம் ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டி, கட்டிலைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கடலில் புயல் சின்னம் வரும் என்று செய்தி சொன்னது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள மாட்டியாவணும்” என்றார் மேஸ்திரி. “இல்லன்னா அடுத்த வூட்டுக் கதவ நான் சேதராப்பட்டுக்கு அனுப்பிடுவேன். அங்க மருந்துத் தொட்டியில முக்கி எடுக்கறான், ஒரே நாளு. உன்ன வச்சு நான் இன்னா பண்றது சொல்லு?”

அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சாதாரணமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

அந்த மேஸ்திரியிடம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய், “கீழ்க்கட்டயில நம்பர் வெட்டியிருக்கு” என்றாள். அவர் வந்து குனிந்து பார்த்தார்.

“அட, ஆமா. பழைய ஆளு உளியாலயே போட்டுட்டுப் போயிருக்கான். இத நீ தொடச்சுப் போடல பாரு, அதுவே பெருசு.”

சாயங்காலத்துக்குள், கறையான் தின்ற ஒரு ஜோடி தவிர எல்லாக் கீழ்க்கட்டையும் சுரண்டிவிட்டாள். I முதல் VIII வரை அவளே பிரித்தாள். தெரு வாசலை ஒட்டிய ஜன்னலில் I மாட்டிப் பார்த்தார்கள். தயிரில் கரண்டி இறங்குவதுபோல உட்கார்ந்தது. அடுத்தது II. நாலாவதுக்குப் பள்ளிக்கூடத்து IV எங்கேயும் இல்லை. நாலு கோடு வரிசையாக, IIII என்று ஒரு ஜோடி இருந்தது. அதை வைத்தார்கள், சரியாக இருந்தது. “எழுதத் தெரியாதவன்” என்று மேஸ்திரி சிரித்தார். புதன்கிழமை மத்தியானத்துக்குள் கீழ்த்தளத்து எட்டும் முடிந்தன.

மாடிக்கு எட்டு. அங்கேதான் அவளுக்கு எண் போதவில்லை.

வியாழக்கிழமை காலை பஸ் ஏறுவதற்கு முன் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். காவலாளி, “யாரப் பாக்கணும்?” என்றான்.

“யாரையும் இல்லண்ணே. போர்டப் பாக்கணும்.”

அவன் என்ன நினைத்தானோ, விட்டுவிட்டான். நடைபாதையோடு போய் IX, X, XI, XII என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். முப்பத்திரண்டு வருஷம் கழித்து ஒன்பதாவது வகுப்பு வாசலைத் தாண்டிப் போனது, அதைத் தாண்டின பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பன்னிரண்டுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வகுப்பு இல்லை.

“சிலுவைப்பாதையப் போய்ப் பாரு” என்றார் மேஸ்திரி. “கோயில் செவுத்துல பதினாலு படம் இருக்கும். ஒவ்வொண்ணு மேலயும் நம்பர் இருக்கும்.”

செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போய், சுவரோரமாகப் படம் படமாக நடந்தாள். சிலுவையைச் சுமந்தவர் ஒன்பதாவது படத்தில் மூன்றாம் முறை விழுந்து கிடந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தாள். அங்கேயும் IX. பதினாலு XIV. அதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பத்தும் ஐந்தும் XV, இன்னொரு கோடு போட்டால் பதினாறு.

திரும்பி வந்தபோது மேஸ்திரி IX போட்ட ஜோடியை மாடியில் முதல் ஜன்னலில் தூக்கி வைத்திருந்தார். மேல் மூலையில் பிடித்தது. இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“மழையில மரம் ஊதியிருக்கு. ரெண்டு இழ எடுத்தாப் போதும்” என்று இழைப்புளியை எடுத்தார்.

“மேஸ்திரி, இழைக்காத.”

“இன்னா?”

“கொஞ்சம் இரு. கீழ இன்னொரு ஜோடி இருக்கு. வி போட்டு நாலு கோடு. அஞ்சும் நாலும் ஒன்பதுதான?”

“அது அவன் தப்பா வெட்டினது. ஸ்கூல்ல ஒன்பது எப்படிப் போட்டிருக்கு?”

“ஐ எக்ஸு.”

“கோயில்ல?”

“அதேதான்.”

“அப்புறம் இன்னா? ஸ்கூலும் சாமியும் சொன்னத வுட்டுட்டு நீ சொல்றதக் கேக்கச் சொல்றியா? அன்னிக்கிச் சாக்பீஸத் தொடச்சவ.”

அவர் இழைப்புளியின் கத்தியை விரலால் தடவினார். ஒரு தடவை இழைத்துவிட்டால் அந்தக் கதவு எந்த ஜன்னலுக்கும் சொந்தமில்லை. தனக்கொடி கதவின் குறுக்கே கையை வைத்துக்கொண்டாள்.

“ஒன்பது ரெண்டு இருக்கு மேஸ்திரி. பதினொண்ணு இல்ல. எண்ணிப் பார்த்துட்டேன்.”

இழைப்புளி அப்படியே நின்றது.

அவளுக்கே அப்போதுதான் பேசப் பேசப் பிடிபட்டது. “நாலுக்கு நாலு கோடு போட்டவன் ஒன்பதுக்கு மட்டும் ஸ்கூல் மாதிரி எழுதுவானா? வி போட்டு நாலு கோடுதான் போடுவான். கீழ மாட்டினதுல பாரு, ஆறு, ஏழு ரெண்டும் வி தலகீழா இருக்கு. அவன் கதவ எப்பிடிப் போட்டிருந்தானோ அப்பிடியே நின்னு வெட்டியிருக்கான். நானும் ஒரு கதவ நாளைக்கு நாலு தரம் பொரட்டறேன். இதப் பொரட்டு.”

இருவருமாகக் கதவைத் தலைகீழாகத் திருப்பினார்கள். IX இருந்த இடத்தில் XI நின்றது.

மேஸ்திரி இன்னொரு தரம் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

“அதான் அவன் அந்த ஒன்பத எழுதல” என்றார் மெதுவாக. “எழுதினா மரத்தத் திருப்புற ஒவ்வொரு தரமும் பதினொண்ணாப் பூடும். படிச்சவன் தாளுல எழுதறான். தாளு திரும்பாது.” இழைப்புளியைத் தரையில் வைத்தார். “எழுதத் தெரியாதவன்னு சொன்னேன், இல்ல?”

“சொன்ன.”

“சும்மா இரும்மே. போய் அந்த நாலு கோட்ட எடுத்தா.”

VIIII ஒன்பதாவது ஜன்னலில் உட்கார்ந்தது. தலைகீழ் ஜோடி இரண்டு ஜன்னல் தள்ளி, பதினொன்றில், கையால் தள்ளியதும் மூடிக்கொண்டது. கீழே நின்ற லூர்துசெல்வி மதாம் அந்த ‘டப்’ சத்தம் கேட்டு, “கிடைச்சிருச்சா?” என்று குரல் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு ஜன்னல்தான் பாக்கி. கறையான் தின்ற அந்த ஜோடி பதினாலாவது. கீழ்க்கட்டை இருந்த இடத்தில் மண்தான். மேஸ்திரி புதன்கிழமையே அதற்குப் புதிதாக ஒரு ஜோடி செய்யத் தொடங்கியிருந்தார். இழைத்து முடித்து அவளிடம் நீட்டி, “குறி நீயே போடு” என்றார்.

உளியும் கொட்டாப்புளியும் தனக்கொடிக்குப் புதிது. முதலில் ஒரு வேஸ்ட் கட்டையில் மூன்று தரம் வெட்டிப் பழகினாள். மதாம் காப்பித் தம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“பதினாலுக்கு எக்ஸ், ஐ, வி இல்லையா தனக்கொடி? எங்க ஸ்கூல்ல அப்படித்தான்.”

“தாளுக்கு அது சரிங்க மதாம். இது பொரளும்.”

இரண்டு சாய்கோடு. பிறகு நேர்கோடு ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே அடி. நாலாவதற்கு உளியை நிறுத்தி வைத்து, இடக்கை விரலால் இடைவெளியைத் தடவிப் பார்த்துவிட்டு அடித்தாள். அடுத்த கதவிலும் அதேபோல. தூளை ஊதினாள். துணியை எடுக்கப் போனவள், எடுக்காமல் உள்ளங்கையாலேயே துடைத்தாள்.

வெளியே மேகம் கறுத்துக் கடல்காற்று தார்ப்பாயை அடித்தது. மாடி ஜன்னலில் நின்ற மேஸ்திரி தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கையை நீட்டினார். தனக்கொடி XIIII வெட்டிய முதல் கதவை இரண்டு கையாலும் தூக்கி அவரிடம் கொடுத்தாள்.