மீசைக்கார மீனின் மண்டை

சந்தையில் மீன் வெட்டுகிற அந்த அம்மாளுக்கு ‘மண்டையம்மா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாங்குகிறவர்கள் வேண்டாமென்று விட்டுப்போகும் தலைகளைப் பிளந்து, மூளைக்கு அடியில் கடுகளவு ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பியை இடுக்கியால் எடுத்து ஸ்பிரிட் புட்டியில் போடுவாள். மகன் மீன்குஞ்சுப் பண்ணை வைத்திருந்தான். கெண்டையின் சுரப்பியைக் கரைத்து ஊசி போட்டால்தான் அவன் தொட்டிக் கெளுத்தி முட்டை விடும். கெண்டையின் சரக்கு கெளுத்திக்கு எப்படி ஒத்துப்போகிறது என்று அவளுக்கு ரொம்ப நாளாகவே குடைச்சல்.

அந்த வாரம் பார்த்து சந்தைக்குக் கெண்டையே வரவில்லை. மகனோ, இந்தத் தாய்மீனும் கைவிட்டால் பண்ணையை இழுத்து மூடிவிட்டு வெளியூர் வேலைக்குப் போவதாகச் சொல்லிப் பையையும் கட்டிவைத்துவிட்டான். மீன் என்றால் மீன்தானே என்று, கடலில் பிடித்த பாறை மீனின் சுரப்பிகளைப் புட்டியில் போட்டு, மூச்சுவிடாமல் கொடுத்துவிட்டாள். இவளைத் தவிர யாருக்கு வரும் இந்தப் புத்தி!

ஊசி போட்டு ஒரு பகல் முழுக்கப் போயிற்று. மீன் உப்பிய வயிற்றோடு தேமே என்று கிடந்தது. மகன் கட்டிவைத்த பையைத் தூக்கிவந்து தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தான்.

அவள் அடுப்படிக்குப் போய் மருமகளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மருமகளுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. மீன்களின் ஹார்மோன் மரபணுக்களோடுதான் மல்லுக்கட்டு. மரபணு என்பது அந்தச் சுரப்பியில் ஊறும் ஹார்மோனைச் செய்வதற்கான குறிப்பு என்றாள் மருமகள். எல்லா மீனிடமும் இருப்பது ஒரே பழைய மூதாதையின் குறிப்புதான். கோடிக்கணக்கான ஆண்டுகள் படியெடுத்துப் படியெடுத்து அங்கங்கே எழுத்து மாறிவிட்டது. கெண்டையும் கெளுத்தியும் கிட்டத்துச் சொந்தம், அதனால் ஒத்துப்போகிறது. பாறை மீன் அதற்கும் வெகுகாலம் முன்பே பிரிந்துபோன வழி, அதன் ஹார்மோன் பல சமயம் எடுபடாது.

“அப்ப கடல்ல இருக்கறதெல்லாம் தூரத்துச் சொந்தமா?”

“கடலா குளமாங்கறது கணக்கில்ல அத்தை. எப்ப பிரிஞ்சாங்கங்கறதுதான் கணக்கு.”

“கடல்லயும் மீசை வச்ச கெளுத்தி ஒண்ணு வருதே. அது நம்ம தொட்டியில இருக்கறதுக்கு யாரு?”

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். “பங்காளி. ஆனா பலிக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

மறுநாள் மண்டையம்மா சந்தையையே சல்லடை போட்டுச் சலித்தாள். சினைபிடித்த பெரிய கடல் கெளுத்திகளாகப் பொறுக்கித் தலை பிளந்ததில், முள் குத்தி விரல் வீங்கிவிட்டது. இந்தத் தடவை அவள் எதையும் மறைக்கவில்லை.

“போன தடவ பாறை மீனப் போட்டு உன்ன ஏமாத்திட்டேன்டா. இது கடல் கெளுத்தி. போடறதும் போடாததும் உன் இஷ்டம்.”

அவன் அவளை முறைத்தான். பிறகு புட்டியை வாங்கிக்கொண்டு ஊசியை எடுத்தான்.

பொழுது சாயும் நேரத்தில் தாய்மீனின் வயிற்றை லேசாக அழுத்திப் பார்த்தான். முட்டை மணிமணியாக வந்தது. மண்டையம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. ஆண்மீனின் விந்து சேருமுன் தண்ணீர் பட்டால் முட்டை வீணாகிவிடும். மீனைத் துடைக்க உலர்ந்த துணி வேண்டும். பண்ணையில் இருந்த துண்டெல்லாம் ஈரம். மகன் மீனை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையால் கட்டிவைத்த பையை அவிழ்த்தான். வெளியூர் வேலைக்கென்று வாங்கிய புதுச்சட்டையை உருவி, மீனைத் துடைக்க ஆரம்பித்தான்.