தெல்மாவின் வெயில்

அடிலெய்டு நகரத்தில் பிறந்தநாளுக்கு வானொலியே வாழ்த்துச் சொல்லும் பாக்கியம் தெல்மா பாஸ்கோவுக்கு வாய்த்திருந்தது. அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அங்கே நடுக்கோடையான ஜனவரிக் கடைசியில் வரும் அந்த நாளன்று காலைச் செய்தியில், "இதே தேதியில் இந்நகரத்தில் பதிவான அதிகபட்ச வெப்பம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில்" என்று வாசிப்பார்கள். தெல்மா ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டு, வானொலியைப் பார்த்து "சந்தோஷம்" என்பாள்.

அவள் பிறந்த நாள் அது. ஜன்னல்களில் ஈரப் போர்வை தொங்கவிட்டு, அது காயக் காய நனைத்துக்கொண்டிருந்தார்களாம். அப்பா ஐஸ் ஆலைக்கு ஓடி, சாக்கில் சுற்றிய கட்டியைத் தோளில் தூக்கி வந்தார். வீடு வந்து சேர்ந்தபோது சாக்குதான் மிச்சம். சட்டையெல்லாம் ஈரமாக நின்றவரைப் பார்த்து மருத்துவச்சி, "பரவால்ல, நீங்களே போய்க் கட்டில் பக்கத்துல நில்லுங்க" என்றாளாம். அன்று மாலை கடற்காற்று வருவதற்குச் சற்று முன்னால் தெல்மா பிறந்தாள். தெருவில் பாதிப் பேர் அன்று இரவு கடற்கரை மணலில்தான் தூங்கினார்கள். கைக்குழந்தையால் அம்மாவுக்கு அது முடியவில்லை. "நீ மட்டும் ஒரு நாள் பொறுத்திருந்தா..." என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படி வெயிலில் பிறந்தவளுக்கு வேலை கிடைத்தது ஐஸ்கிரீம் ஆலையின் குளிர் அறையில். ஊரே விசிறிக்கொண்டிருக்கும்போது தெல்மா கம்பளிக் கோட்டும் கையுறையுமாக நின்று பெட்டி அடுக்குவாள். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த கிளெம் அவளைக் காதலித்ததற்கு அந்தக் குளிர்ந்த கைகள்தான் காரணம் என்று அவனே ஊரெல்லாம் சொன்னான். நாடு பாரன்ஹீட்டைக் கைவிட்டு செல்சியஸுக்கு மாறியபோது, நூற்றொன்பதாக இருந்த அவளுடைய நாள் நாற்பத்திரண்டு சொச்சமாக இறங்கியது. அன்று அவள் சாப்பிடவில்லை.

"பாதிக்கு மேல வெட்டிட்டானுங்களே" என்றாள்.

"கோச்சுக்காத கண்ணு. எனக்கு நீ எப்பவும் நூத்தொன்பதுதான்" என்றான் கிளெம்.

கிளெம் போய்ச் சேர்ந்தான். மகள் ரோஸ்லின் கல்யாணமாகி ஹோபார்ட்டுக்குப் போனாள். தெபர்ட்டன் பகுதியின் அந்தச் சின்னக் கல்வீட்டில் தெல்மா தனியாக இருந்தாள். எதிர்வீட்டில் மனோலிஸ். கிரேக்கக்காரர், மீன் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். வெயில் ஏறும் நாளெல்லாம் தவறாமல் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"என்ன அம்மணி, உங்க நூத்தொன்பது ராஜ்யம் இன்னைக்கு நிக்குமா?"

"நிக்கும் நிக்கும். உன் தலைல ஒரு தொப்பியப் போட்டுட்டு வந்து பேசு."

"இதுக்கா தொப்பி? எங்க ஊர் ஆடு இந்த வெயில்ல கம்பளி கேக்கும்."

"அப்ப அந்த ஆட்டுக்கிட்டயே போய்ப் பேசு. யோவ், உள்ள வந்து ஒரு டம்ளர் தண்ணியாவது குடிச்சுட்டுப் போ."

குடிக்க மாட்டார். சிரித்துக்கொண்டே தக்காளித் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

தெல்மா எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்த ஒரு வருஷம், அவளுடைய பிறந்தநாளை ஒட்டி உள்நாட்டுப் பாலைவனத்திலிருந்து வடகாற்று அனலாக அடிக்க ஆரம்பித்தது. இரவிலும் சூடு இறங்கவில்லை. பிறந்தநாள் காலை வானிலைக்காரர், பழைய உச்சம் இன்று உடையலாம் என்றார். ரோஸ்லின் தொலைபேசியில் அழைத்து வாழ்த்திவிட்டு, "வெளிய போகாதம்மா, ஏசியப் போட்டுக்கிட்டு உக்காரு. அந்த ரெக்கார்டு உடைஞ்சா அழக் கூடாது" என்றாள்.

"நான் ஏன்டி அழறேன்?" என்றாள் தெல்மா. ஆனால் அவளுக்கு மனசு சரியில்லை. வானொலிப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு செய்திக்கும் அளவு ஏறியது. நண்பகலில் அவளுடைய நாளுக்கும் அன்றைய வெயிலுக்கும் இடையில் ஒரு டிகிரிகூட இல்லை. கடலிலிருந்து குளிர்ந்த தென்காற்று சீக்கிரம் திரும்பட்டும் என்று கிறுக்குத்தனமாக வேண்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அது உறைத்தது. மனோலிஸ் வரவில்லை. அவளைச் சீண்டுவதற்கு இதைவிட நல்ல நாள் அந்த மனுஷனுக்கு இனிக் கிடைக்காது. கேட்டில் நின்று கூத்தாடியிருக்க வேண்டாமா?

அவர் வீட்டுக்குத் தொலைபேசி அடித்தும் எடுக்கவில்லை. தெல்மா துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். செருப்புக்கடியில் தார் இளகியிருந்தது. மூச்சு இழுத்தால் அடுப்பு வாயிலிருந்து இழுப்பது போலிருந்தது. பக்கவாட்டு வழியாகக் கொல்லைக்குப் போனாள். தக்காளிச் செடிகளுக்கு மேல் படுக்கை விரிப்புகளைக் கயிற்றில் கட்டி நிழல் போட்டிருந்தார். கட்டி முடிக்காத ஒரு விரிப்பைப் பிடித்தபடியே மண்ணில் கிடந்தார். முகம் சிவந்து உலர்ந்திருந்தது. ஏதோ கிரேக்கத்தில் முனகினார்.

தூக்க அவளால் முடியாது. கயிற்றிலிருந்த விரிப்பை இழுத்து அவர்மேல் போர்த்தி, தோட்டக் குழாயைத் திருகினாள். முதலில் வந்த தண்ணீர் கொதித்தது. அதைச் செடிப் பக்கம் விட்டுவிட்டு, ஆறிய பிறகு அவரை நனைத்தாள். வேலிக்கு அப்பால் தலை தெரிந்த பெண்ணிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னாள். பிறகு தன் தலையிலிருந்த துண்டால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"மனோலி, கண்ணத் திற. உன் ஆடு இப்ப என்ன சொல்லுது?"

கண் திறக்கவில்லை. விரல்கள் மட்டும் அவள் பாவாடை ஓரத்தைப் பிடித்தன. ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை.

நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்டார்கள். "எதிர்வீடு" என்று சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாமலே வண்டியில் ஏறிக்கொண்டாள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நகரத்தின் இந்தத் தேதிக்கான பழைய உச்சம் பிற்பகலில் உடைந்துவிட்டது என்று அதில் சொன்னார்கள். தெல்மா அதைக் கேட்டாள். ஆனால் அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்ததால் எழுந்து ஓடினாள்.

"தண்ணி கேக்கறாரு. பொழச்சுட்டாரு" என்றாள் நர்ஸ்.

அப்போதுதான் தெல்மாவுக்கு அழுகை வந்தது.

மறுநாள் மனோலிஸுக்குப் பேச்சுத் தெளிந்தது. "உங்க நாள் போச்சாமே அம்மணி" என்றார். குரலில் கேலி இல்லை. தானே அதைத் தொலைத்துவிட்டது போல வருத்தமாகச் சொன்னார்.

"போச்சு போ. எத்தன வருஷந்தான் நானே வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்? நேத்து ஏதாவது ஒரு வீட்ல புள்ள பொறந்திருக்கும். இனி அது வச்சுக்கட்டும்."

"நான் விழாம இருந்திருந்தா, உங்க பக்கத்துல உக்காந்து கடைசி வரைக்கும் உங்க பக்கம் கூச்சல் போட்டிருப்பேன்."

"என் பக்கமா? பொய் சொல்லாதய்யா."

"அந்தச் சூடு மண்டைல ஏறிடுச்சு போல" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவருக்கு இருமலும் வந்தது.

அதன்பின் வெயில் நாட்களில் மனோலிஸ் கேட்டில் நிற்பதில்லை. காலையிலேயே தெல்மாவின் குளிர்ந்த முன்னறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம்வரை சீட்டு விளையாடினார்கள். அவர் கள்ளாட்டம் ஆடினார். அவள் கண்டுபிடித்துத் திட்டினாள், சில சமயம் கண்டும் காணாதது போல விட்டாள். ரோஸ்லின் ஹோபார்ட்டுக்கே வந்துவிடும்படி எத்தனையோ முறை கூப்பிட்டாள்.

"அங்க குளிரும்டி. அதுவுமில்லாம, இந்த ஆள் இன்னைக்கு எனக்கு ஒரு ஆட்டம் பாக்கி வச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு, தெல்மா சீட்டுக் கட்டைக் கலைக்கத் தொடங்கினாள்.