திருப்பிப் போட்ட இலை

பிரவீனா மூளையைப் பற்றிப் படிக்கிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: முடித்தால் டாக்டரா? இல்லை, நியூரோசயின்ஸ் பட்டம் என்பாள். அதோடு பேச்சு நின்றுவிடும். மலேசியாவின் காஹாங்கில் செம்பனைப் பழ லோரி ஓட்டும் அப்பா அர்ச்சுனன் மட்டும், "என் மண்டையத் தொறந்து பாத்துடாதம்மா, உள்ள ஒன்னும் இருக்காது" என்று சிரிப்பார்.

அண்ணன் லோகேஸ்வரனுக்கு லாபிஸில் பெண் வீட்டில் நிச்சயம். தட்டு மாற்றியதும் பந்தியில் உட்கார்ந்தார்கள். வழக்கப்படி உப்பு, ஊறுகாய், கூட்டு எல்லாம் இலையின் இடப்பக்கம். அர்ச்சுனன் சோற்றைப் பிசைந்தபடி உப்புக் கேட்டார். வைத்தார்கள். மறுபடி கேட்டார். பெண்ணின் அப்பா சுகுமாறனே ஓடிவந்து வைத்தார்.

"உப்பும் இல்ல, கூட்டும் இல்ல. வெறும் சோத்தத்தான் போடுவீங்களா?"

மாப்பிள்ளையின் அப்பா வேண்டுமென்றே குறை சொல்கிறார் என்று சுகுமாறன் முகம் கறுத்தது. பக்கத்தில் இருந்த அம்மா ராசம்மா கணவரின் இடது தொடையில் கிள்ளினாள். அவர் திரும்பவே இல்லை.

எதிர் வரிசையில் இருந்த பிரவீனா அப்பாவின் இலையைப் பார்த்தாள். வலது பாதி துடைத்தது போல் இருந்தது. இடது பாதியில் கையே படவில்லை; ஊறுகாயும் கூட்டும் வைத்தபடியே இருக்க, உப்பு மட்டும் குவிந்து கிடந்தது. இதே போல் பாதி காலியான ஒரு தட்டை வகுப்பில் வீடியோவில் காட்டியிருந்தார்கள். மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அன்றைக்கு வகுப்பே வேடிக்கை பார்த்தது.

எச்சில் கையோடு எழுந்துபோய் அந்த இலையைச் சுற்றித் திருப்பினாள். நுனி வலப்பக்கம் வந்தது. நல்ல காரியத்தில் யாரும் அப்படிப் போடமாட்டார்கள். பரிமாறுகிறவர் "அலமாக்" என்று மலாயில் பதறி வாளியோடு நின்றுவிட்டார்.

"இப்பதான் வைக்கத் தோணுச்சா?" என்று அர்ச்சுனன் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

முகம் கோணவில்லை, பேச்சு குழறவில்லை, நீ என்ன டாக்டரா என்று ராசம்மா சீறினாள். பிரவீனா அப்பாவை இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னாள். வலது கை மட்டும் எழுந்தது.

"தூக்கிட்டேனே, ரெண்டையும்."

முதலில் அசைந்தவர் சுகுமாறன். கார் சாவியை எடுத்தார்.

சிகாமட் ஆஸ்பத்திரியில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் அதுவும் கொடுத்திருக்க முடியாது என்றார் டாக்டர். உயிர் தங்கியது. ஆனால் மறுநாள், தன் இடது கை தட்டுப்பட்டதும் அர்ச்சுனன் மெதுவாகச் சொன்னார்: "யாரோ கைய என் படுக்கையில வச்சிருக்காங்க. எடுக்கச் சொல்லும்மா."

இதைப் பற்றிப் பரீட்சையில் நன்றாகவே எழுதியிருந்தாள். இப்போது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராசம்மா கட்டிலின் வலப்பக்கம் நாற்காலி போட்டாள். பிரவீனா அதைத் தூக்கி இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்துதான் பேச வேண்டும், ஊட்ட வேண்டும். இல்லாவிட்டால் மூளை அந்தப் பக்கத்தைத் தேடாது.

"எங்கம்மா போயிட்ட?" என்று வலப்பக்கச் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"இங்கதாம்ப்பா இருக்கேன். திரும்புங்க."

திரும்பவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள்.